தெருவிளக்குக் கதையை நிறுத்துவோம்

விடுதிச் சோற்றில் புழு கிடந்தது என்று சென்னையில் கல்லூரி மாணவர்கள் தட்டோடு சாலையில் உட்கார்ந்தால், டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் ஒரே பதில்தான் வரும். "படிக்க வந்தவனுக்கு எதுக்குய்யா இதெல்லாம்? நாங்க பழைய சோத்தைத் தின்னுட்டு, தெருவிளக்குல படிச்சு மேல வந்தவங்க." கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டாலும் இதே பதில். நூலகத்தை இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள் என்றாலும் இதே பதில். மெத்தப் படித்தவர்கள் இதையே நாகரிகமாகச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் வேலை பாடம் நடத்துவது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது. விடுதி, உணவகம், விளையாட்டுத் திடல், உட்கார்ந்து பேச ஓர் இடம் இவையெல்லாம் பணம் மிஞ்சினால் தரக்கூடிய சலுகைகள். அதிலும் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு இவை தேவையே இல்லை, எல்லாம்தான் நகரத்தில் கிடைக்கிறதே என்பார்கள்.

இது தவறான கருத்து என்று சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கைபிடித்து அழைத்துவந்துவிட்டு, உள்ளே நுழைந்தபின் சத்தமில்லாமல் வெளியே தள்ளுகிற கருத்து இது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை இது தொடாது. அவனுக்கு வீட்டில் தனி அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, வேளைக்குச் சோறு இருக்கிறது. கல்லூரி எதையும் தராவிட்டாலும் அவன் படித்துவிடுவான். கல்லூரி தந்தால்தான் உண்டு என்கிற நிலையில் இருப்பவனிடம் போய் வைராக்கியத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை.

அந்தத் தெருவிளக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் இளமையில் தெருவிளக்கின் கீழ் படித்தார் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அந்த விளக்கை நட்டது யார்? அது எரியச் செலவு செய்தது யார்? ஒரு பையனின் வீட்டில் இல்லாத வெளிச்சத்தை ஊர் தன் பொதுப்பணத்தில் தெருவில் வைத்தது. அவன் அதன் கீழ் வந்து உட்கார்ந்தான், படித்தான். மாணவனுக்கு வசதி வேண்டாம் என்பதற்கு இந்தக் கதை எப்படிச் சாட்சியாக முடியும்? பொது வசதி ஒன்று ஒரு ஏழை மாணவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே விளக்கடியில் உட்கார்ந்து, கண் கெட்டு, காய்ச்சல் கண்டு, பாதியில் படிப்பை விட்டுப் போனவர்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. தப்பிப் பிழைத்த ஒருவரை மேடையில் நிறுத்திவிட்டு, மூழ்கியவர்களுக்கு நீச்சலில் அக்கறை போதவில்லை என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

கணித மேதை இராமானுசனையும் இப்படித்தான் இழுக்கிறார்கள். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டார், வறுமை அவரைத் தடுத்ததா என்று பட்டிமன்றங்களில் கேட்கிறார்கள். தடுத்தது. பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, வேலைக்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்த ஆண்டுகளைத் தடை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கையில் பட்டமில்லாத ஒருவருக்கு, விதியை வளைத்துக் கொடுத்தது. அந்தப் பணம் அவருக்குக் கணிதம் சொல்லித்தரவில்லை. அரிசியும் வாடகையும் இனி உன் கவலை இல்லை, நீ கணக்கைப் பார் என்று சொன்னது. இதே நகரப் பல்கலைக்கழகம் நூறு ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட உண்மையை இன்று அதே வளாகத்தின் வாசலில் நின்றுகொண்டு மறுக்கிறோம்.

பாடமும் தேர்வும் மட்டும்தான் பல்கலைக்கழகம் என்ற எண்ணத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்தார்கள். அவை வகுப்பு நடத்தவில்லை, மாணவர்களைத் தங்கவைக்கவில்லை. இணைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தன. அரசு இயந்திரத்துக்கு வேண்டிய படித்த ஆட்களைக் குறைந்த செலவில் பெற அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. கட்டடக் கலைஞர் சிசம் கட்டிய பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் 1879-ல் கடற்கரையைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றபோது, அதற்குள் மாணவன் வாழ ஓர் அறைகூட இல்லை. சொந்தத் துறைகள் பின்னால், இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தன. ஆங்கிலேயர் ஆட்சி போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும், மாணவனைத் தேர்வெண்ணாக மட்டும் பார்க்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆனால் இந்த ஊரிலேயே அதை மறுத்தவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. காடும் மரமுமாகப் பரந்த நிலத்தில் வகுப்பறைகளோடு சேர்த்து சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று விடுதிகளையும் எழுப்பினார்கள். மாணவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, நிர்வாகத்தில் கைகொடுத்து வாழ்வதும் கல்விதான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த விடுதிகளில் இருந்தவர்கள் இன்றைக்கும் தங்களை விடுதிப் பெயர் சொல்லித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். இருக்க இடம், பேச ஆள், ஆட மைதானம் கிடைத்த மாணவன் கெட்டுப்போனான் என்று அந்தக் கல்லூரியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு ஏன் அதே வசதி அரசுக் கல்லூரி மாணவனுக்கு என்றதும் சொகுசாகிவிடுகிறது?

இன்னும் அழுத்தமான சான்று திருவல்லிக்கேணியில் இருக்கிறது. 1916-ல் டாக்டர் சி.நடேசனார் அங்கே திராவிடர் இல்லம் என்று ஒரு மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் உண்ணவும் இடம் கிடைக்காத காலம் அது. சாதி பார்த்துத்தான் அறை கிடைக்கும், சாதி பார்த்துத்தான் இலை விழும். கல்லூரியில் இடம் கிடைத்தும் ஊரில் இடம் கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. நடேசனார் ஒரு மருத்துவர். மாணவனுக்கு முதலில் படுக்க ஒரு பாயும் இரண்டு வேளைச் சோறும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டின் அரசியலையே மாற்றிய திராவிட இயக்கத்தின் வேர்களில் ஒன்று நகரப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு மாணவர் விடுதி. விடுதி என்பது படிப்புக்கு வெளியே உள்ள சலுகை என்று நம் மண்ணில் பேசுபவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசட்டும். ஆதிதிராவிட மாணவர்களுக்கான விடுதி சைதாப்பேட்டையில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜா பெயரைத் தாங்கி நிற்பதும் தற்செயலானது இல்லை. இடமில்லாதவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த போராட்டத்தின் தொடர்ச்சி அது.

அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட அரசு, 2025 ஜூலையில் தன் நலத்துறை விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தது. சாதிப் பெயர் பலகையிலிருந்து இறங்கியது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் பலகையைத் தாண்டி உள்ளே போனால், கல்லூரி மாணவருக்கான உணவுப்படி சில ஆண்டுகளுக்கு முன் 1,100 ரூபாயிலிருந்து மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்து நிற்கிறது. ஒரு நாளைக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் சேர்த்து. திருவல்லிக்கேணி மெஸ் எதிலாவது ஒரு மதியச் சாப்பாடு 50 ரூபாய்க்குக் கிடைக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பத்தொன்பது வயது உடம்புக்கு முட்டையும் பருப்பும் வேண்டும், பழம் வேண்டும். அந்த வயதில் சரியாகத் தின்னாத உடம்பு பின்னால் தேறாது.

இங்கே இந்தக் கருத்தின் பெரிய முரண் வெளியே வருகிறது. பசித்த பிள்ளை படிக்காது என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்தது இந்த ஊர். 1920-ல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார், பின்னர் பத்தாம் வகுப்பு வரை அது நீண்டது. 2022-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி வந்தது. இத்தனை ஆட்சிகள், இத்தனை கட்சிகள், ஒருவரோடு ஒருவர் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அதே பிள்ளை பள்ளியை முடித்துக் கல்லூரி வாசல் மிதித்ததும் அவன் பசி திடீரென்று பண்பு வளர்க்கும் ஆசானாகிவிடுமா? வயிறு அதே வயிறுதான். வீடும் அதே வீடுதான்.

பசியோடு வருபவர்கள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்னையின் அரசு, அரசு உதவிபெறும் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் எட்டரை மணிவாக்கில் தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம், திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்திலிருந்து புறநகர் ரயிலில் வரும் பிள்ளை விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியும்? பலர் வெறும் வயிற்றோடு வந்து, பதினொரு மணி இடைவேளையில் ஒரு டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் பிழைத்தார்கள். 2013-ல் அவை திறந்தபோது ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் கூலித் தொழிலாளிக்கு என்றுதான் நினைத்தோம். நிறையக் கல்லூரிப் பிள்ளைகள் பையை முதுகில் மாட்டியபடி அங்கே வரிசையில் நின்றார்கள். தங்கள் கல்லூரிக்குள் கிடைக்கவேண்டியதை மாநகராட்சியின் கவுண்டரில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் இவர்களில் பலர் வேலைக்குப் போகிறார்கள். உணவு விநியோக பைக், துணிக்கடை, செல்போன் கடை. முகூர்த்த நாள் வந்தால் கேட்டரிங். கல்யாண மண்டபங்களில் இரவு பந்தி பரிமாறி, பாத்திரம் ஒழித்து, நள்ளிரவுக்கு மேல் கூலி வாங்கிக்கொண்டு, கடைசி ரயிலைத் தவறவிட்டு, ரயில் நிலைய நடைமேடையில் தூங்கிவிட்டு அப்படியே காலை வகுப்புக்கு வருபவர்களை எனக்குத் தெரியும். வகுப்பில் தலை சாய்ந்தால் பொறுப்பில்லாதவன் என்று பெயர். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கும் அபராதக் கட்டணம். படிப்பதற்காக வேலைக்குப் போனவனிடம், வேலைக்குப் போனதற்காகப் பணம் பிடுங்குகிறோம். இதில் எங்கே இருக்கிறது சொகுசு?

அடுத்து, சென்னையில் பேசக் கூச்சப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ரூட்டு தல. பேருந்து, ரயில் தடம் ஒவ்வொன்றுக்கும் மாணவர்கள் வைத்துக்கொள்ளும் தலைவனுக்கு அந்தப் பெயர்.

நகரக் கல்லூரி மாணவன் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறான், அவனுக்கு எதற்கு மாணவர் கூடம், எதற்கு மாலை நேர வளாகம் என்று கேட்பவர்கள் உண்டு. அவன் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை, வெளியே துரத்தப்படுகிறான். முதல் ஷிஃப்ட் வெளியேறினால்தான் இரண்டாம் ஷிஃப்டுக்கு இடம். மரத்தடியில் நாலு பேர் நின்றாலே காவலாளி விசில் ஊதுகிறார். உட்காரப் பெஞ்சு இல்லை, உள்விளையாட்டு அரங்கம் இல்லை, இருந்தாலும் பூட்டிக் கிடக்கிறது. மாணவர் மன்றத் தேர்தல்கள் பெரும்பாலும் நின்றுபோயின. தேர்தலை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று லிங்டோ குழு 2006-ல் வழி சொல்லி, உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற பிறகும் நம் கல்லூரிகளில் அது நடப்பது அரிது. பதினெட்டு வயதுப் பையன்கள் சேர்ந்து இருக்கத்தான் செய்வார்கள். தலைவன் வேண்டும், பாட்டு வேண்டும், நம் கூட்டம் என்ற பெருமை வேண்டும். வளாகத்துக்குள் அதற்கு இடமில்லாதபோது அது பேருந்துக்குப் போனது, மின்சார ரயிலுக்குப் போனது. கல்லூரியின் பெயரைவிடத் தடத்தின் எண் அவனுக்கு முக்கியமானது. தட்டிப் பாட பேருந்தின் தகரம் இருந்தது. சண்டையும் அங்கேயே வந்தது.

2019 ஜூனில், மாணவர்கள் தங்கள் தடப் பேருந்தைக் கொண்டாடும் பஸ் டே நாளில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தில் மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவனை வேறொரு கல்லூரி மாணவர்கள் தாக்கினார்கள், சில நாளில் அவன் இறந்துபோனான். பத்தொன்பது வயது. தாக்கியவர்களும் அதே வயது, அதே மாதிரி வீடுகள். கத்தி எடுத்தவனுக்கும் கல் எடுத்தவனுக்கும் சட்டப்படி தண்டனை கிடைக்கவேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இடம் இல்லாதது மட்டும்தான் காரணம் என்றும் சொல்லவில்லை. வட்டாரப் பகையும் சினிமா வீரமும் வெளியாட்களின் தூண்டுதலும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் போலீஸ் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குகிறது, கல்லூரி சிலரை நீக்குகிறது, அதோடு முடிந்தது. கபடிக்கு ஒரு களம், கானாவுக்கு ஒரு மேடை, மாலை ஏழு மணிவரை திறந்திருக்கும் ஒரு கூடம், வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம் என்று ஏன் ஒருமுறைகூட யோசிக்கவில்லை? ஒன்று சேர்ந்தால் அடித்துக்கொள்வார்கள் என்று இடத்தை மூடினோம். மூடிய பிறகு நடந்தவைதான் இத்தனை அடிதடியும்.

பெண்களிடம் இந்தக் கருத்து இன்னொரு முகத்தோடு வருகிறது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டும் வீட்டிலிருந்து பெண்ணை வெளியே கொண்டுவந்த நல்ல திட்டங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வந்துவிட்டாள். வந்த இடத்தில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, மாதவிடாய் நாளில் துணியை மாற்ற இடமில்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகிய மாணவிகள் எத்தனை பேர் என்று எந்தப் பேராசிரியையிடம் கேட்டாலும் சொல்வார். சிறுநீர்த் தொற்றோடும் வயிற்று வலியோடும் தேர்வு எழுதுகிறார்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேலிடத்துக்குச் சங்கடம். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் குழு பார்வையிட வருகிற வாரத்தில் சுண்ணாம்பு அடித்து, தாழ்ப்பாள் மாட்டி, சோப்பு வைக்கிறார்கள். அப்படியானால் வழி தெரிகிறது, பணமும் இருக்கிறது, மனம் ஒன்றுதான் இல்லை.

விடுதியில் தங்கும் மாணவிக்கு மாலையில் கதவு சாத்திவிடுகிறார்கள். பல விடுதிகளில் ஆறரை, ஏழு. ஆண்கள் விடுதியில் இந்த அவசரம் இல்லை. நூலகமும் ஆய்வுக்கூடமும் திறந்திருக்கும் நேரம் அவளுக்கு மூடப்பட்ட நேரம். டெல்லியில் 2015-ல் பிஞ்சரா தோட் (கூண்டை உடை) என்ற பெயரில் மாணவிகள் இந்தக் கதவுகளுக்கு எதிராகத்தான் தெருவுக்கு வந்தார்கள். 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி மீது பாலியல் வன்கொடுமை நடந்தபோது, இரவில் அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்ட வாய்களை நாம் மறக்கவில்லை. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது, 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் உள்ளே இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் தண்டனை கிடைக்கவில்லை. வளாகம் அவளுடையது, அவள் அங்கே இருக்கலாம், அதுதான் பதில். விளக்குகள் எரியட்டும், நூலகம் திறந்திருக்கட்டும், தேநீர்க் கடையில் ஆட்கள் இருக்கட்டும், பெண் காவலர்கள் நடமாடட்டும். ஆளில்லாத இருட்டைவிட ஆளும் வெளிச்சமும் உள்ள வளாகம் பாதுகாப்பானது.

நூலகம் என்றதும் ஒருவரை நினைக்காமல் மேலே போக முடியாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் வெளிவந்தன. முதல் விதி, நூல் பயன்பாட்டுக்கானது என்பது. அதை அவர் நூலோடு மட்டும் நிறுத்தவில்லை. நூலகம் ஊரின் எந்த இடத்தில் இருக்கவேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்கவேண்டும், நாற்காலியும் மேசையும் எப்படி இருக்கவேண்டும், உள்ளே வருபவனை ஊழியர் எப்படி வரவேற்கவேண்டும் என்பது வரை கொண்டுபோனார். நாற்காலியும் நேரமும் வசதி சார்ந்த சில்லறை விஷயங்கள் என்று நினைக்கும் இன்றைய நிர்வாகங்களுக்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதில் சொல்லிவிட்டார். உலகம் அவர் விதிகளைப் பாடமாக வைத்திருக்கிறது. நம் கல்லூரிகள் பலவற்றில் நூலகம், வகுப்புகள் நடக்கும்போது திறந்து, வகுப்பு முடிந்ததும் மூடுகிறது. மாணவன் எப்போது போவான்?

எல்லாம் போனில் இருக்கிறதே என்பார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். அங்கே வருபவர்கள் கையில் புத்தகமும் உண்டு, போனும் உண்டு. அவர்களிடம் இல்லாதது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, யாரும் குறுக்கிடாத நான்கு மணி நேரம். ஒற்றை அறை வீட்டில் அப்பாவின் இருமலுக்கும் தம்பியின் டிவிக்கும் நடுவே அது கிடைக்காது. அந்த நூலகத்தை 2011-ல் மருத்துவமனையாக மாற்றப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டதால் பிழைத்தது. 2003-ல் இராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவித்தபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். நகரத்துக் கல்வி நிலையத்தின் நிலம் எப்போதும் வேறு எதற்கோ தேவைப்படும் நிலமாகவே ஆட்சியாளர் கண்ணில் படுகிறது. தேர்தல் வந்தால் வாக்கு எண்ணும் மையம், மற்ற நாளில் வாகனம் நிறுத்துமிடம். படிக்கிறவர்கள் வாழவேண்டிய இடம் என்று அதை ஒருபோதும் பார்ப்பதில்லை.

பணம் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை 2024-ல் முடக்கியதும், 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகக் கிடந்ததும் எனக்குத் தெரியாதவை இல்லை. அரசும் ஆளுநரும் மோதியதன் செலவை மாணவன் கட்டுகிறான். ஆனால் நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை பத்து மாடிக் கட்டடங்கள் இல்லை. நூலகத்துக்கு இன்னும் இரண்டு ஊழியர், கழிப்பறைக்கு முறையாகச் சம்பளம் வாங்கும் துப்புரவுப் பணியாளர், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், காலையில் பொங்கலோ இட்லியோ. உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், நாட்டின் சராசரி 28 என்று 2021-22 கணக்கைக் காட்டி மார் தட்டுகிற மாநிலம் இது. அந்தப் பெருமை உண்மையானது, எனக்கும் உண்டு. சேர்த்தவர்களை உட்காரவைக்கவும் வேண்டும் அல்லவா? தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவு கொடுக்க வழி கண்ட கருவூலத்துக்கு, அரசுக் கல்லூரியின் முதல் ஷிஃப்டுக்கு வழி காண்பது முடியாத காரியம் இல்லை.

அடுத்த முறை பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தையும் துறையையும் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். கழிப்பறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நூலகம் எத்தனை மணிக்கு மூடும், விடுதியில் இரவு என்ன சாப்பாடு, வகுப்பு முடிந்தபின் பிள்ளைகள் எங்கே உட்காரலாம் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள், கல்லூரிக் கல்வி இயக்குநருக்கு எழுதுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள். தட்டோடு சாலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் நின்று என்னவென்று கேளுங்கள். அவர்கள் கேட்பது நியாயம்.